கல்லடியில் பன்னிரண்டு மாடி, கல்முனைக்கு ரயில்: ஒரு தம்பியின் கேள்விக்குப் பதில்

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். களுவாஞ்சிக்குடியைச் சேர்ந்த தம்பி ஒருவர் கொழும்பில், பதினெட்டாம் மாடியில் இருக்கும் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். ஊருக்கு வரும்போதெல்லாம் இரண்டு பேச்சுகள் காதில் விழுகின்றனவாம். மட்டக்களப்பில் காணி முடிந்துவிட்டது, இனிக் கல்லடிப் பக்கம் பத்து, பன்னிரண்டு மாடியில் தொடர்மாடிகள் எழும்ப வேண்டும் என்பது ஒரு பேச்சு. மட்டக்களப்போடு நின்றுபோன ரயில் பாதையைக் கல்முனை, பொத்துவில் வரை நீட்டினால்தான் இந்தக் கரை உருப்படும் என்பது மற்றப் பேச்சு. "ஆதரிப்பவர்கள் மற்றவர்களைப் பார்த்து ஊர் வளர்வது பிடிக்காதவர்கள் என்கிறார்கள். எதிர்ப்பவர்கள் இவர்களைக் காணித் தரகர்கள் என்கிறார்கள். யார் சொல்வது சரி? என் தங்கச்சிக்குச் சீதனமாகத் தொடர்மாடியில் ஒரு வீடு வாங்கலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, நீங்கள் கடைசியாகக் கேட்டதிலிருந்துதான் தொடங்க வேண்டும். இந்த ஊரில் மாடி ஏன் எழும்புகிறது என்பதற்கான பதில் அதற்குள்தான் இருக்கிறது. நான் முப்பது வருடத்துக்கு மேல் இந்தக் கரையோர உள்ளூராட்சிச் சபைகளில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்தவன். கட்டட விண்ணப்பம், மதகு, வடிகான் என்றே காலம் போனது. என் மேசைக்கு வந்த மேல்மாடி விண்ணப்பங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் கலியாண வயதில் ஒரு மகள் இருந்தாள்.

இந்தக் கரையில் பெண் பிள்ளை பிறந்த அன்றே ஒரு வீட்டுக்கான கணக்குத் தொடங்கிவிடுகிறது. சீதனம் என்றால் நமக்கு முதலில் வீடு. நகையும் காசும் அதற்குப் பிறகுதான். தமிழரும் முஸ்லிம்களும் இந்த வழக்கில் ஒன்றுதான். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறார். தாயும் தகப்பனும் மூத்தவளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு, அதே வளவில் சின்னதாக இன்னொன்று கட்டிக்கொண்டு மற்றப் பிள்ளைகளோடு ஒதுங்குகிறார்கள். பிறகு அதுவும் இளையவளுக்குப் போகிறது. அம்மம்மாவின் 40 பேர்ச் வளவு இரண்டு மகள்மாருக்கு 20 பேர்ச்சாகிறது. பேத்திகள் மூன்று பேர் என்றால் ஆளுக்கு ஆறேழு பேர்ச். நகர அபிவிருத்தி அதிகார சபையின் விதிப்படி குடியிருப்புக் காணித் துண்டு பொதுவாக 150 சதுர மீட்டருக்குக் குறையக்கூடாது. அது கிட்டத்தட்ட 6 பேர்ச். ஆக, மூன்றாம் தலைமுறையோடு பிரிக்கும் வழி அடைபட்டுவிடுகிறது. அதற்குப் பிறகு மேலே ஏறுவதுதான் வழி. காத்தான்குடிக்குள் நடந்து பாருங்கள். ஒழுங்கைக்கு ஒழுங்கை, வெளிப்புறமாகப் படிக்கட்டு வைத்த வீடுகள். கீழே தாய், மேலே மூத்த மகள், அதற்கு மேலே அடுத்தவளுக்காக நீட்டிவிட்ட தூண் கம்பிகள். கல்முனையும் சாய்ந்தமருதும் அதே வழியில் போகின்றன. கல்லடியும் போகத் தொடங்கிவிட்டது.

அதனால் மாடியே வேண்டாம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. எல்லோரும் ஒற்றைத் தட்டு வீடாகவே கட்டிக்கொண்டு போனால் வாவியோரக் கண்டலையும் தாழ்நிலத்தையும் கிரவல் கொட்டி நிரப்புவதுதான் நடக்கும், நடந்துகொண்டும் இருக்கிறது. மழைத்தண்ணீர் தங்கிப் போன இடத்தில் வீடு வந்தால் தண்ணீர் அடுத்த வீட்டுக்குள் போகும். 2011 ஜனவரி வெள்ளத்தில் இதை நாம் கண்ணால் பார்த்தோம். மூன்று மாடி, நான்கு மாடி என்று ஒழுங்காகக் கட்டி வாவியோரத்தை விட்டுவைப்பது ஊருக்கு நல்லது. பன்னிரண்டு மாடி என்னும்போதுதான் நான் எதிர்த்து நிற்கிறேன். அதற்குக் காரணம் நிலத்துக்குக் கீழே இருக்கிறது.

நாம் குடியிருக்கும் எழுவான்கரை கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் ஒரு மணல் திட்டு. ஏறாவூர்ப் பக்கம் தொடங்கிக் கல்முனை வரை வாவி ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது. அதற்கும் கடலுக்கும் இடைப்பட்ட நிலம் சில இடங்களில் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. இந்த மணலுக்குள் மழைநீர் இறங்கி, அடியில் இருக்கும் உப்புநீருக்கு மேலே மிதந்துகொண்டு நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு நன்னீர் இறங்கியிருக்கும் என்பது நிலத்தடி நீர் படித்தவர்களின் கணக்கு. இதைத் திருப்பிப் பாருங்கள். மேலே ஓர் அடியை இறைத்துவிட்டால் காலப்போக்கில் கீழிருந்து உப்பு நாற்பது அடி ஏறி வரும். சுனாமிக்குப் பிறகு கடல் நீர் புகுந்த கிணறுகளைச் சுத்தம் செய்கிறோம் என்று ஓயாமல் இறைத்த இடங்களில், தண்ணீர் தெளிவதற்குப் பதிலாக உவர்ப்புக் கூடியது இதனால்தான்.

இப்போது மட்டக்களப்புக்கும் காத்தான்குடிக்கும் உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் வவுணதீவில் சுத்திகரிக்கப்பட்டுக் குழாயில் வருகிறது. தண்ணீர் வந்துவிட்டது, போகும் வழி வரவில்லை. ஊர் முழுவதையும் இணைக்கும் கழிவுநீர்க் குழாய் நமக்கு இல்லை. வீட்டுக்கு வீடு குழிதான். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பன்னிரண்டு மாடி, மாடிக்கு நான்கு வீடு, வீட்டுக்கு நான்கு பேர் என்றால் 192 பேர். ஓர் ஆளுக்கு நாளுக்கு 120 லீற்றர் என்று வைத்தால் 23,000 லீற்றருக்கு மேல் கழிவுநீர். ஒரே காணியில், ஒரே நாளில். அதை 5,000 லீற்றர் பவுசரில் இறைத்துக்கொண்டு போவதென்றால் நாளொன்றுக்கு ஐந்து ஓட்டம். எந்தக் கட்டடக்காரரும் வருடம் முழுவதும் அதைச் செய்யப்போவதில்லை. சொந்தமாகச் சுத்திகரிப்பு நிலையம் வைப்போம் என்பார்கள். வைப்பார்கள். அதை ஓட்ட மின்சாரம் வேண்டும், பார்க்க ஆள் வேண்டும், மாதாமாதம் பணம் வேண்டும். அது நின்றுபோகும் நாளில் 23,000 லீற்றரும் மணலுக்குள்தான் இறங்கும். மணலுக்கு அடுத்தது கிணறு, கிணற்றுக்கு அடுத்தது வாவி.

என் தங்கை வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். கல்லடியில் எங்கள் தாயின் வளவு அது. சீதனமாக அவளுக்குப் போனது. பக்கத்துக் காணியை வெளியூர்க்காரர் ஒருவர் வாங்கி நான்கு மாடிக்கு அத்திவாரம் வெட்டினார். நான்கு அடியிலேயே தண்ணீர் ஊறிவிட்டது. பம்ப் வைத்து இரவும் பகலும் பதினொரு நாள் இறைத்துத் தெரு வடிகானில் விட்டார்கள். ஐந்தாம் நாள் எங்கள் கிணற்றில் மணல் தெரிந்தது. நான் பிறந்ததிலிருந்து அந்தக் கிணற்றின் அடியைப் பார்த்ததில்லை. எட்டாம் நாள் குசினிச் சுவரில் யன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு வெடிப்பு. பத்து ரூபாய்க் குற்றியை அதற்குள் நுழைக்கலாம். கட்டடம் முடிந்து ஆட்கள் குடிவந்து ஒரு வருடத்துக்குள், அள்ளிய வாளித் தண்ணீரில் எண்ணெய் படிந்ததுபோல ஒரு மினுக்கம் வந்தது. வெயில் ஏற ஏற மணமும் வந்தது. அங்கீகாரம் பெற்ற வரைபடத்தில் எல்லாம் சரியாக இருந்தது. கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இருக்க வேண்டிய இடைவெளியைக்கூட அளந்து போட்டிருந்தார்கள். ஒரு குடும்பத்துக்கு என்று கணக்குப் போட்ட குழிக்கு எட்டுக் குடும்பம் வந்தது மட்டும் வரைபடத்தில் தெரியவில்லை. தங்கை இப்போது அந்தத் தண்ணீரைக் குடிப்பதுமில்லை, சமையலுக்கு எடுப்பதுமில்லை. ஆறு பிள்ளைகளும் குளித்து வளர்ந்த கிணறு அது. நான்கு மாடிக்கே இந்த நிலை.

காற்றையும் கடலையும் மறந்துவிட்டுப் பேச முடியாது. 1978 நவம்பர் 23ஆம் திகதி சூறாவளியில் இந்த ஊரில் கூரை நின்ற வீடுகளை எண்ணிவிடலாம்; தென்னந்தோட்டங்கள் பாய் விரித்ததுபோலக் கிடந்தன. உயரமான கட்டடம் என்றால் அந்தக் காற்றுக்குக் கணக்குப் பார்க்க வேண்டும், உப்புக் காற்றில் துருப்பிடிக்காமல் கம்பிக்கு மேல் போதிய கொங்கிறீட் மூட வேண்டும், ஆழத் தூண் இறக்க வேண்டும். செய்யலாம். அதெல்லாம் வீட்டு விலையில்தான் ஏறும். ஐந்தாம் மாடிக்கு மேல் மின்தூக்கி இல்லாமல் வயதானவர்கள் வாழ முடியாது. மின்தூக்கிக்கு ஜெனரேட்டர் வேண்டும். தீப்பிடித்தால் ஏணி எத்தனையாம் மாடி வரை எட்டும் என்று மாநகர சபையில் முதலில் கேளுங்கள். பதிலுக்கு ஏற்றபடி மாடியைத் தீர்மானியுங்கள்.

சுனாமி மாடிக்கு எதிரான சாட்சி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று நம் கடற்கரையோர நாவலடியும் டச்பாரும் திருச்செந்தூரும் பட்ட பாட்டை நான் சொல்லத் தேவையில்லை. சாய்ந்துபோன திருச்செந்தூர் முருகன் கோவில் கோபுரம் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு உறுதியான கொங்கிறீட் கட்டடத்தில் மேல்மாடிக்கு ஏறியவர்கள் பலர் பிழைத்தார்கள். கடற்கரைப் பாடசாலையும் பொது மண்டபமும் மூன்று மாடியாக, வெளிப்புறத்தில் யாரும் ஓடி ஏறக்கூடிய அகலப் படியோடு கட்டப்பட வேண்டும் என்று நான் அப்போதிருந்தே சொல்லி வருகிறேன். அது வேறு, கடலைப் பார்த்து வீடு விற்பதற்காக எழுப்பும் கோபுரம் வேறு. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டப்படி உயர்நீர்க் கோட்டிலிருந்து 300 மீட்டர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்டுவதற்குத் திணைக்களத்தின் அனுமதி தனியாக வேண்டும். கல்லடியில் விற்பனைக்குப் பேசப்படும் காணிகளில் பல இந்த வலயத்துக்குள்தான் வரும்.

இனி ரயில். நீங்கள் கொழும்பில் இருப்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். மாலபேயிலிருந்து கோட்டை வரை 15.7 கிலோமீட்டர், 16 நிலையங்கள் கொண்ட இலகு ரயில் பாதைக்கு ஜப்பானோடு 2019 மார்ச்சில் கடன் உடன்படிக்கை கையெழுத்தானது. 2020 செப்டம்பரில் அரசாங்கம் அதை நிறுத்திவிட்டது. செலவுக்கு ஏற்ற திட்டம் இல்லை என்றார்கள். அந்தக் காலத்தில் கோபுரங்கள் மட்டும் எழும்பிக்கொண்டே இருந்தன. 2022இல் நாடு கடனைக் கட்ட முடியாமல் நின்றபோது சீமெந்து விலை ஏறி, பாதியில் நின்ற கட்டடங்களையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். மாடிகள் முன்னே போய், அவற்றில் இருப்பவர்களைக் கொண்டுபோகும் வண்டி பின்னால் வராமலே போனால் என்ன ஆகும் என்பதை மாலபே வீதியில் மாலை ஆறு மணிக்கு நின்றால் தெரிந்துகொள்ளலாம். நம் ஊரில் அந்த வரிசையை மாற்றிப் போட இன்னும் காலம் இருக்கிறது. அதனால்தான் மாடியையும் பஸ்ஸையும் நான் தனித்தனிக் கேள்வியாகப் பார்ப்பதில்லை.

கல்முனைக்கு ரயில் என்பது பழைய ஆசை. 1920களின் இறுதியில் மட்டக்களப்புக்கு ரயில் வந்தது, அங்கேயே நின்றது. அந்த ஆசையை நான் குறைத்துப் பேசவில்லை, என் தகப்பனாருக்கும் அது இருந்தது. ஆனால் பாதை எங்கே போகும் என்று வரைபடத்தை விரித்து வைத்துக் கேளுங்கள். எழுவான்கரையில் போகவேண்டுமானால் மட்டக்களப்பிலிருந்து கல்முனை வரை ஊர் விடாமல் தொடர்ந்து கிடக்கும் வீடுகள், கோவில்கள், பள்ளிவாசல்களுக்கு நடுவே இருபது மீட்டர் அகலத்துக்கு இடம் எடுக்க வேண்டும். கடற்கரையோரமாகப் போனால் சுனாமி வந்த வழி. வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் போனால் வயலும் வெள்ளமும். அதோடு பயணிகள் இருப்பது வாவியின் இந்தப் பக்கம். மாத்தறையிலிருந்து பெலியத்தை வரை 2019 ஏப்ரலில் திறந்த பாதையை ஒப்பிட்டுப் பாருங்கள். 26.75 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 27.8 கோடி டொலர் சீனக் கடன். மட்டக்களப்பிலிருந்து கல்முனை சுமார் 40 கிலோமீட்டர். அவ்வளவையும் செலவழித்துப் போடும் ஒற்றைத் தண்டவாளத்தில் ஒரு நாளைக்கு எத்தனை ரயில் ஓடும்? காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, நடுவே ஒன்றிரண்டு. களுவாஞ்சிக்குடியிலிருந்து மட்டக்களப்புக்கு வேலைக்குப் போகும் ஒருவருக்குக் காலை ஆறு மணிக்கு ஒன்று, ஏழு மணிக்கு ஒன்று என்று வந்தால் போதாது. ஐந்து நிமிடத்துக்கு ஒன்று வேண்டும்.

அந்த ஐந்து நிமிடத்தைப் பஸ்தான் தரும். நம் ஊர் அமைப்பைப் பாருங்கள். ஒரே நீட்டு வீதி, அதன் இரு பக்கமும் ஊர்கள். யார் வீட்டிலிருந்தும் பிரதான வீதிக்குப் பத்து, பதினைந்து நிமிட நடை. பஸ்ஸுக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் அமைப்பு இந்த நாட்டில் அரிது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு பஸ், பஸ்ஸுக்கு ஐம்பது பேர் என்றால் மணிக்கு ஒரு திசையில் 600 பேர். மூன்று நிமிடத்துக்கு ஒன்று என்றால் 1,000. அதற்குப் புதிதாக ஒரு கல்லும் வைக்க வேண்டியதில்லை.

பிறகு ஏன் இப்படி? கல்லடித் தரிப்பிடத்தில் காலை ஆறேகாலுக்கு நில்லுங்கள். நான் போன வருடம் ஒரு வாரம் அங்கே நின்றேன், பேத்தியைப் பாடசாலைக்கு அனுப்புவதற்காக. வெள்ளைச் சேலையோடு ஒரு தாதி, கையில் சாப்பாட்டுப் பை, நேரத்தைப் பார்ப்பதும் வீதியைப் பார்ப்பதுமாக இருந்தார். இருபது நிமிடம் ஒன்றும் வரவில்லை. பிறகு மூன்று பஸ் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு வந்தன. முன்னால் வந்தது நிரம்பி வழிந்தது, நடத்துனர் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு கையை ஆட்டிப் போகச் சொன்னார். இரண்டாவது முதலாவதை முந்தும் அவசரத்தில் நிற்கவில்லை. மூன்றாவது இலங்கை போக்குவரத்துச் சபை பஸ். அது பாதி வெறுமையாக வந்து நின்றது. தாதி ஏறும்போது மணி ஏழு தாண்டவில்லை, ஆனால் அவர் வேலைக்குப் பிந்திவிட்டார் என்பது முகத்தில் தெரிந்தது. அதே இருபது நிமிடத்தில் மூன்று பஸ்ஸும் ஒழுங்கான இடைவெளி விட்டு வந்திருந்தால் யாரும் பிந்தியிருக்கமாட்டார்கள். பஸ்ஸின் எண்ணிக்கையில் குறை இல்லை. ஓட்டுநரின் வருமானம் அன்றைய வசூலில் இருப்பதுதான் குறை. தரிப்பிடத்தில் ஆள் சேரும் வரை காத்திருப்பதும், பின்னால் மற்ற பஸ் தெரிந்ததும் பறப்பதும் அதனால்தான். நேரக் கணிப்பாளர் புறப்படும் இடத்தில் மட்டும் கையெழுத்து வைக்கிறார். நடுவழியில் யாரும் பார்ப்பதில்லை. அரச பஸ்ஸும் தனியார் பஸ்ஸும் ஒரே நேர அட்டவணையில் ஓட வேண்டும் என்ற பேச்சு எனக்குத் தெரிந்த காலம் தொட்டு நடக்கிறது. மட்டக்களப்பும் அம்பாறையும் இரண்டு மாவட்டமாக இருந்தாலும் மாகாணம் ஒன்றுதான். மாகாணத்தின் போக்குவரத்து அதிகார சபை ஒன்றுதான். பெரியநீலாவணை எல்லையைச் சாட்டாகச் சொல்ல முடியாது.

ரயிலுக்கும் செய்யக்கூடியது ஒன்று உண்டு, காசும் அதிகம் வேண்டியதில்லை. கொழும்பிலிருந்து இரவு ரயில் மட்டக்களப்புக்கு வருகிறது. கைக்குழந்தையோடும் பெட்டியோடும் இறங்குகிறவர் கல்முனைக்கோ அக்கரைப்பற்றுக்கோ போகவேண்டுமானால் ஆட்டோ பிடித்துப் புளியந்தீவு பஸ் நிலையத்துக்கு வந்து காத்திருக்கிறார். ரயில் வரும் நேரத்தில் நிலைய வாசலிலேயே தெற்கே போகும் பஸ் ஒன்று நிற்கட்டும். ரயில் பிந்தினால் பஸ்ஸும் காத்திருக்கட்டும். கல்முனைக்கு ரயில் வந்த பயனில் பாதி அன்றைக்கே கிடைத்துவிடும்.

கல்லடிப் பாலத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லத் தோன்றுகிறது. 1924இல் கட்டிய லேடி மன்னிங் பாலத்தில் ஒரு வாகனம்தான் போகலாம். அந்தப் பக்கத்து வரிசை முடியும் வரை இந்தப் பக்கத்தில் காத்து நிற்போம். அந்தக் காத்திருப்பில் எத்தனையோ பேருடைய சிநேகிதம் தொடங்கியிருக்கிறது. 2013இல் பக்கத்திலேயே புதுப் பாலம் திறந்தார்கள். காத்திருப்புத் தீர்ந்தது. வாகனம் பெருகியது, நெரிசல் பாலத்தை விட்டு அரசடிச் சந்திக்கு இடம் மாறியது. பழைய பாலத்தை நடந்து போகிறவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் என்றே பேணி, அதிலிருந்து நகருக்குள் நிழல் மரத்தோடு ஒரு நடைபாதை போட்டால் பாடசாலைப் பிள்ளைகளில் ஒரு பங்கினர் ஆட்டோவை விட்டுவிடுவார்கள்.

உண்மையில் இந்தக் கரையில் பணம் போக வேண்டிய இடம் எது என்று யாராவது என்னைக் கேட்டால், தாம்போதிகள் என்பேன், அதாவது வெள்ளம் மேலால் பாயும்படி தாழ்வாகப் போட்ட வீதிக் கடவைகள். 2024 நவம்பர் 26 அன்று காரைதீவு, மாவடிப்பள்ளியில் மத்ரஸாப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் புறப்பட்ட உழவு இயந்திரம் வெள்ளத்தில் அள்ளுண்டு போனது. பிள்ளைகளின் உடல்களைத் தேடிய அந்த நாட்களை அம்பாறை மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. பஸ் போக முடியாத அளவுக்கு வீதி மூழ்கியதால்தான் அந்தப் பிள்ளைகள் உழவு இயந்திரத்தில் ஏறினார்கள். கிட்டங்கித் தாம்போதியும் மாரி தவறாமல் மூழ்குகிறது. நாவிதன்வெளிப் பக்கத்து ஆட்கள் அந்த நாட்களில் கல்முனைக்கு வரப் படும் பாடு கொஞ்சமல்ல. கல்முனை ரயிலைப் பற்றிப் பேசுகிற கூட்டங்களில் இந்தத் தாம்போதிகளின் பெயரை எழுந்து நின்று சொல்லுங்கள். 2014இல் மண்முனைப் பாலம் திறந்ததும் படுவான்கரை ஊர்களுக்கு என்ன மாற்றம் வந்தது என்று அங்கே போய்க் கேட்டால், ஒரு பாலம் என்ன செய்யும் என்பது தெரியும். அம்பிளாந்துறைக்கும் குருக்கள்மடத்துக்கும் இடையிலும், மண்டூருக்கும் குருமண்வெளிக்கும் இடையிலும் பாதையில்தான் ஆட்கள் வாவியைக் கடந்து வந்திருக்கிறார்கள். வெளியூர்க்காரருக்காகச் சொல்கிறேன்: பாதை என்றால் நமக்கு மோட்டார் சைக்கிளும் ஆட்களும் ஏறிக் கடக்கும் மிதவை. அதற்கு ஒழுங்கான இறங்குதுறையும் உயிர்காப்பு அங்கியும் மாலை ஏழு மணிக்குப் பிறகும் ஓர் ஓட்டமும் கொடுப்பது பன்னிரண்டு மாடியைவிட அதிகம் பேருக்கு உதவும்.

இடம் மாற்றுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாவலடியிலிருந்து சுனாமியில் எஞ்சியவர்களைத் திராய்மடுவில் குடியமர்த்தினார்கள். பாதுகாப்பான இடம்தான். ஆனால் கடலுக்குப் போகிறவருக்குக் கடல் தூரமாகிவிட்டது. விடியற்காலை மூன்று மணிக்குக் கரைக்குக் கொண்டுவிட எந்த பஸ்ஸும் இல்லை. வலையைக் கரையில் விட்டுவிட்டு வீட்டில் நித்திரை வருமா? அதே திராய்மடுவுக்கு இப்போது மாவட்டச் செயலகமான கச்சேரியும் மட்டக்களப்புக் கோட்டையை விட்டு வந்துவிட்டது. ஒரு கையெழுத்துக்காக வாகரையிலிருந்தும் வெல்லாவெளியிலிருந்தும் வருகிறவர் நகரத்தில் இறங்கி இன்னொரு வாகனம் பிடிக்கிறார். கட்டடத்துக்கு இடம் தேடும் நாளிலேயே அதற்கான பஸ் வழியையும் எழுதியிருக்க வேண்டும்.

சரி, தங்கச்சியின் வீட்டுக்கு வருகிறேன். தொடர்மாடியில் வீடு வாங்குவது தவறில்லை. சீதனமாகக் கொடுக்கும்போது பெயரில் உறுதிப் பத்திரம் இருக்க வேண்டும், அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி கட்டடத்தின் ஒவ்வொரு வீட்டையும் தனித்தனியாகக் காட்டும் திட்டப்படம் அங்கீகரிக்கப்பட்டுக் காணிப் பதிவகத்தில் பதியப்பட்டால்தான் மூன்றாம் மாடி வீட்டுக்குத் தனி உறுதி எழுத முடியும். பதியாத கட்டடத்தில் உங்களுக்குக் கிடைப்பது காணியில் பிரிபடாத ஒரு பங்கு மட்டும். நாளைக்குப் பங்காளிகளுக்குள் பிணக்கு வந்தால் உங்கள் தங்கச்சியின் குசினி யாருடையது என்று நீதிமன்றத்தில் நின்று நிரூபிக்க வேண்டியிருக்கும். சொந்த வளவிலேயே தாய் கீழே, மகள் மேலே என்று கட்டும் குடும்பங்களுக்கும் இதே அறிவுரைதான். தாய் இருக்கும் வரை பிரச்சினை தெரியாது.

எனக்கு உடன்பாடான வீடு என்றால் பிரதான வீதியிலிருந்து நடந்து போகும் தூரம், நான்கு மாடிக்கு மிஞ்சாத கட்டடம், 300 மீட்டருக்கு வெளியே, கீழ்த்தளத்தில் யாரும் குடியிருக்காமல் வாகனம் நிறுத்த விட்ட அமைப்பு. கழிவுநீர் எங்கே போகிறது என்று கேட்டால் முகம் சுளிக்காமல் மூடியைத் திறந்து காட்டுகிற ஆள். மாதாந்தப் பராமரிப்புப் பணம் எவ்வளவு, அதை யார் வைத்திருக்கிறார், எல்லா வீட்டுக்காரரும் சேர்ந்த முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் பதியப்பட்டிருக்கிறதா என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஐந்து வருடம் கழித்துத் தண்ணீர் மோட்டார் எரிந்துபோகும் நாளில் இந்தக் கடதாசிதான் உதவும்.

முற்பணம் கொடுக்குமுன் ஒரு தரம் மார்கழி மழைக்குள் ஊருக்கு வாருங்கள். வாவி நிறைந்து, அது கடலோடு சேரும் முகத்துவாரத்தை இன்னும் வெட்டிவிடாத நாளாக இருந்தால் நல்லது. அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நின்று குழியின் மூடியைத் தூக்கச் சொல்லி, தண்ணீர் எத்தனை அங்குலத்தில் நிற்கிறது என்று பாருங்கள். பக்கத்து வளவுக் கிணற்றில் ஒரு வாளி அள்ளி மணந்து பாருங்கள். பிறகு தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு காலை ஆறேகாலுக்கு வீதிக்கு நடந்து போய், முதல் பஸ்ஸில் ஏற எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பாருங்கள். திட்டப்படத்தின் பிரதி கிடைத்தால் எனக்கு அனுப்புங்கள், இருந்து பார்த்துச் சொல்கிறேன்.